இதயத் தசையை வளர்க்கலாம், அதற்கு ரத்தம் எப்படிப் போகும்?

தைப்பூசத்தன்று பத்துமலையில் சட்டையில்லாமல் படியேறும் ஆண்களில் சிலருக்கு நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நேர்த்தழும்பு இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தால் காலின் உட்புறத்தில் இன்னொரு நீளத் தழும்பும் தெரியும். பைபாஸ் செய்துகொண்டவர்கள். அடைபட்ட இதயத் தமனியைச் சுற்றி ரத்தம் போக மாற்றுவழி வேண்டும். அதற்கான குழாயைத்தான் காலிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

அந்தக் குழாய் ஒரு சிரை, அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். குறைந்த அழுத்தத்தில் வேலை செய்து பழகியது. தமனி இருக்க வேண்டிய இடத்தில் அதைத் தைத்தால் ஒவ்வொரு துடிப்பிலும் அடிவாங்கி, உட்சுவர் தடித்துவிடும். இப்படித் தைத்த சிரைகளில் ஏறக்குறைய பாதி பத்து ஆண்டுகளுக்குள் அடைத்துக்கொள்கின்றன. மார்பெலும்பின் பின்னாலுள்ள தமனி நன்றாகத் தாங்கும், ஆனால் அது எல்லா அடைப்புக்கும் போதாது. இனிப்புநீரால் ரத்தக் குழாய்கள் கெட்டவர்களுக்கு எடுக்கத் தகுந்த சிரை கிடைப்பதே பாடு. மலேசியாவில் இனிப்புநீர் அதிகம் உள்ளவர்கள் இந்தியர்கள்தான். ஆகவே ரத்தக் குழாயை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடியுமா என்ற கேள்வி நமக்கு மிக நெருங்கியது.

முதலில் இதயத் தசையைப் பார்ப்போம். தோலில் கீறல் விழுந்தால் ஆறிவிடுகிறது, கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி வளர்கிறது. இதயம் அப்படியில்லை. மாரடைப்பில் நூறு கோடி தசைச் செல்கள் வரை சாகலாம். அந்த இடத்தில் துடிக்காத தழும்புதான் மிஞ்சும். புதிய செல்களே பிறப்பதில்லையா? இதற்கு விடை கிடைத்த வழி, நான் படித்த அறிவியல் கதைகளிலேயே மிக அழகானது.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. அத்தகைய சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. காற்றிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து சோற்றுக்கும், சோற்றிலிருந்து நம் உடம்புக்கும் அந்தக் கார்பன் வந்து சேர்ந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவில் அந்த ஆண்டின் கார்பன்-14 அளவு பதிந்துவிடும். அதை அளந்தால் செல்லின் வயது தெரியும். ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃப்ரீசென் குழு இதயத் தசைச் செல்களை இப்படி அளந்து 2009ல் முடிவை வெளியிட்டது: 25 வயதில் ஆண்டுக்கு சுமார் 1 சதவீதம் புதுப்பிக்கப்படுகிறது, 75 வயதில் 0.45 சதவீதம். ஆக, இதயம் புதுப்பித்துக்கொள்கிறது, ஆனால் மாரடைப்பை ஈடுகட்டும் வேகத்தில் அல்ல.

இந்தச் சிறு வேகத்தைப் பெரிதாக்கலாம் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. இதயத்துக்குள்ளேயே ஸ்டெம் செல்கள், அதாவது புதிய தசைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள், இருக்கின்றன என்று ஹார்வர்டில் இருந்த பியேரோ அன்வெர்சாவின் ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்தன. மற்ற ஆய்வுக்கூடங்களில் அது பலிக்கவில்லை. 2018ல் ஹார்வர்டும் அதன் இணை மருத்துவமனையும் அவருடைய ஆய்வுக்கூடத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொல்லின. அந்த நம்பிக்கையின் மிச்சம் இன்னும் விற்பனையில் இருப்பதுதான் எனக்குக் கவலை. ஸ்டெம் செல் ஊசிக்கு விளம்பரம் செய்யும் தனியார் கிளினிக்குகள் கோலாலம்பூரிலும் உண்டு. இதயத்தில் ஊசியால் செலுத்தும் செல்களில் பெரும்பகுதி சில நாள்களுக்குள் அடித்துச் செல்லப்படும் அல்லது செத்துவிடும். யாராவது உங்கள் அப்பாவுக்கு அதைப் பரிந்துரைத்தால், அது மலேசியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவில் பதிவான சிகிச்சையா என்று முதலில் கேளுங்கள்.

சரி, உண்மையில் பலித்தது எது? 2006ல் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யாமானாகா நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் சாதாரண செல்லைக் கரு நிலைக்குத் திருப்பினார். அடுத்த ஆண்டு மனிதச் செல்லையும். அந்தச் செல்களுக்குச் சில வேதிச் சமிக்ஞைகளைச் சரியான வரிசையில் கொடுத்தால், இரண்டு வாரங்களுக்குள் தட்டிலேயே துடிக்கும் இதயச் செல்கள் கிடைக்கின்றன.

ஆனால் அவை சிசு நிலைச் செல்கள். வெளியிலிருந்து சொல்லாமலே தாமாகத் துடிக்கும். உறுமி மேளக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் தனித் தாளம் போட்டால் குழுவே தடுமாறும். இதயத்தில் அந்தத் தடுமாற்றம் உயிருக்கே ஆபத்து. சியாட்டலில் 2014ல் குரங்குகளின் இதயத்தில் சுமார் நூறு கோடி மனிதச் செல்களைச் செலுத்தியபோது தசை உருவானது, கூடவே துடிப்புக் கோளாறும் வந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் தடிமன். ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் தானாகப் பரவிச் செல்லும் தூரம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். அதற்கு அப்பால் உள்ள செல் மூச்சுத் திணறிச் சாகும். இடது கீழறையின் சுவரோ ஒரு சென்டிமீட்டர் அளவு. 2019ல் டெல் அவிவில் செல்களையே மையாக வைத்து ஒரு குட்டி இதயத்தை அச்சிட்டபோது உலகம் வியந்தது. அதில் செல்கள் இருந்தன, குழாய்களும் இருந்தன, ஆனால் ரத்தத்தைத் தள்ளும் வலு இல்லை. முழு இதயம் வளர்ப்பது பற்றிய தலைப்புச் செய்திகளை நான் அவ்வளவாக நம்பாததற்கு இதுவே காரணம். குழாய்ப் பிரச்சினையைத் தீர்க்காமல் தசைப் பிரச்சினை தீராது.

குழாயில் முன்னேற்றம் வந்திருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் லாரா நிக்லசன் வளர்த்த முறை இது: கரையக்கூடிய வலையால் ஒரு குழாய் செய்து, தானம் பெற்ற தமனிச் செல்களை அதன்மேல் விதைக்க வேண்டும். சத்து நீருக்குள் வைத்து, நாடி துடிப்பதுபோல் உள்ளிருந்து விட்டுவிட்டு அழுத்தம் தர வேண்டும். இழுபட்டால்தான் செல்கள் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைச் சுரந்து சுவரை வலுவாக்கும். சில வாரங்களில் வலை கரைந்து சுவர் மட்டும் நிற்கும். அப்புறம்தான் சூட்சுமம்: செல்களை முழுவதும் கழுவி எடுத்துவிடுகிறார்கள். அந்நியச் செல் இல்லாததால் யார் உடம்பிலும் வைக்கலாம், முன்கூட்டியே செய்து சேமிக்கலாம். உள்ளே போனதும் நோயாளியின் சொந்தச் செல்கள் அதில் குடியேறும்.

2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை அனுமதித்தது. ஆனால் கை கால்களில் தமனி அறுந்து, உடனே ரத்தம் பாய வேண்டிய, சொந்தச் சிரை பயன்படாத நிலைக்கு மட்டும். குழாய் பிய்ந்துவிடக்கூடும் என்ற கடும் எச்சரிக்கையோடு. அதன் விட்டம் 6 மில்லிமீட்டர். இதயத் தமனி அதைவிட ஒடுங்கியது. குழாய் ஒடுங்க ஒடுங்க ரத்தம் உறையும் ஆபத்து கூடும். டெக்ரான், கோர்டெக்ஸ் போன்ற செயற்கைக் குழாய்கள் தோற்றதும் அங்கேதான்.

தசைப் பக்கத்தில் ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு எனக்கு நம்பிக்கை தருகிறது. இதயச் செல்களைக் கொலாஜனில் கலந்து ஒட்டுத் துண்டாக வளர்த்து, இதயத்தின் வெளிப்புறத்தில் தைத்தார்கள். குரங்குகளுக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு வரவில்லை. மாற்று இதயத்துக்குக் காத்திருந்த ஒரு பெண்ணுக்கும் வைத்தார்கள். மூன்று மாதத்தில் அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. எடுத்த பழைய இதயத்தை ஆராய்ந்தபோது ஒட்டின் செல்கள் உயிரோடு இருந்தன, அவருடைய உடம்பே அதற்குள் ரத்தக் குழாய்களை அனுப்பியிருந்தது. ஆனால் ஒட்டில் இருந்தவை வேறொருவரின் செல்கள். அதனால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவைப்பட்டது. ஒவ்வொருவரின் சொந்தச் செல்லிலிருந்தும் செய்யலாம்தான், அதற்கு மாதக்கணக்கில் காலமும் பெரும் பணமும் ஆகும்.