பதிவேட்டின் கடைசிப் பத்துப் பெயர்கள்

தாராவியிலிருந்து வரும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வயித்த வலிக்குங்கான் டீச்சர். ஞாயித்துக்கெழம மட்டும் வலிக்க மாட்டேங்கு" என்றார். நெல்லைக்காரர். மறுநாள் பையனைக் கூட்டிவந்தார். தமிழில் கேட்டதும் சொல்லிவிட்டான். வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனுடைய 'ஆட்நாவ்' (மராத்தியில் குடும்பப் பெயர்) என்னவென்று மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். அவன் அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறான். "அது அப்பா பேரு. குடும்பப் பேர் இல்லையா?" என்றதும் வகுப்பே சிரித்திருக்கிறது.

மும்பையில் குடும்பப் பெயரைக் கேட்டாலே பெரும்பாலும் சாதி தெரிந்துவிடும். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், சாதிப் பட்டத்தைப் பெயரோடு சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அந்த வழியில் வந்த நம் பிள்ளைகளுக்கு அப்பா பெயர்தான் எல்லாம். அந்த ஆசிரியை கெட்டவர் அல்ல. படிவத்தில் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் இருந்தது, மூன்றையும் நிரப்பப் பார்த்தார். ஆனால் சிரிப்பு பையன் மேல்தானே விழுந்தது?

படிவத்தை மாற்றினோம். அப்பா பெயரே போதும், வகுப்பில் யாரும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது.

அதற்குப் பிறகுதான் வருகைப் பதிவேட்டைக் கவனித்துப் பார்த்தேன். நாற்பது பேரில் பத்துப் பேர் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு இலவசமாகத் தர வேண்டிய 25 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்கள். குலுக்கல் முடிந்து அவர்கள் சேரும்போது மற்ற சேர்க்கை முடிந்திருக்கும். அதனால் அவர்கள் எண்கள் 31 முதல் 40 வரை. தினமும் காலையில் பெயர் கூப்பிடும்போது, யார் யார் 'ஃப்ரீ சீட்' என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். இருபது வருடமாகத் தினமும் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். அகர வரிசைப்படி திருத்த எங்கள் கிளார்க்குக்கு ஒரு சாயங்காலம்தான் ஆனது.

ஆசிரியர் கூட்டத்தில், "நாங்க வித்தியாசமே பாக்கிறதில்ல மேடம்" என்றார் ஒருவர். மனசாரத்தான் சொன்னார். நாம் பார்க்காவிட்டாலும் பதிவேடு பார்க்கிறதே என்றேன்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது இது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடியை மட்டுமல்ல, மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஒதுக்கீட்டுப் பிள்ளைகளைத் தனி வகுப்பில், தனி நேரத்தில் உட்காரவைக்கக் கூடாது என்று 2010ஆம் ஆண்டு மத்திய விதிகள் சொல்கின்றன. முதலில் தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். நகல் கையில் இருக்கட்டும். பலன் இல்லையென்றால் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம், இங்கே மாநகராட்சியிடம், எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அந்தப் பையன் இப்போது 17ஆம் எண். சுற்றுலா விஷயம்தான் இன்னும் தீரவில்லை. போன வருடமும் அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் பணம் கட்டாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். எல்லாரும் போக முடியாத இடத்துக்குப் பள்ளிப் பேருந்து போக வேண்டாம் என்று நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். டிசம்பருக்குள் பதில் வேண்டும்.