ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் எதனால சாகுது? காசு கட்டுறதுக்கு முன்னாடி ஆயிலைப் பத்தி கொஞ்சம்

டொயோட்டா ஜிஆர்86ங்கிற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கலாமான்னு யாராவது கேட்டா போதும், பேச்சு ரெண்டே நிமிஷத்துல "அந்த இன்ஜின் போயிடுதாமே"ன்னு வந்து நிக்கும். டொயோட்டா பேட்ஜ் இருக்கே அப்புறம் என்ன பயம்னு ஒரு கோஷ்டி, பேட்ஜ் தான் டொயோட்டா, உள்ள இருக்கிறது சுபாரு பாக்ஸர் இன்ஜின்னு எதிர் கோஷ்டி. ரெண்டுமே உண்மை தான், ஜிஆர்86ம் சுபாரு பிஆர்இசட்டும் ஜப்பான்ல குன்மா மாகாணத்துல இருக்கிற சுபாரு ஃபேக்டரில ஒண்ணா தான் பொறக்குது. ஆனா அமெரிக்காவுல சுமார் 30,000 டாலர் எடுத்து வைக்கப்போற ஆளுக்கு இந்த சண்டையால ஒரு பிரயோஜனமும் இல்ல. அவருக்குத் தெரிய வேண்டியது இந்த இன்ஜின் செத்தா எதனால சாகுது, நான் ஓட்டுற ஓட்டுக்கு அந்த எல்லை வரைக்கும் போவேனா மாட்டேனா, அவ்ளோ தான். அதுக்கு பதில் பெரும்பாலும் ஆயில்ல போய் தான் முடியுது.

முதல்ல பேரிங். பிஸ்டனோட ஆட்டத்தை சுழற்சியா மாத்துற கிராங்க்ஷாஃப்டும், பிஸ்டனை அதோட இணைக்கிற கனெக்டிங் ராடும் சேர்ற இடத்துல சைக்கிள் வீல்ல இருக்கிற மாதிரி குண்டு பேரிங் கிடையாது, ரெண்டு அரைவட்டத் தகடு தான், ஷெல் பேரிங்னு சொல்வாங்க, அதுக்குள்ள கிராங்க் சுத்துது. நடுவுல இருக்கிற இடைவெளி 0.05 மிமீ சுத்தி இருக்கும். ஆயில் பம்ப் தான் கிராங்கைத் தூக்கிப் பிடிக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்லவே இல்ல. பம்ப் தர்ற அழுத்தம் வேகமா ஓடும்போது கூட 4, 5 பார் தான், பெட்ரோல் எரியும்போது பிஸ்டன் மேல விழுற பலமோ டன் கணக்குல. தாங்குறது சுத்துற வேகமே தான். கிராங்க் சரியா நடுவுல உக்காராம லேசா ஒரு பக்கம் ஒதுங்கி சுத்தும், அதனால இடைவெளி ஒரு பக்கம் அகலமா, இன்னொரு பக்கம் குறுகலா ஆயிடும், கிராங்க்ல ஒட்டிக்கிட்டு வர்ற ஆயில் அந்த குறுகலுக்குள்ள போய் நெருக்கப்படும், அங்க மட்டும் அழுத்தம் நூறு பாரை எல்லாம் சர்வ சாதாரணமா தாண்டிடும். மழைத் தண்ணி தேங்கின ரோட்ல வேகமா போனா டயர் தரையை விட்டு தண்ணி மேல மிதக்குமே, அதே இயற்பியல் தான். ரோட்ல அது நடக்கக் கூடாது, பேரிங்ல அது ஒரு நொடி கூட நிக்கக் கூடாது.

அந்த ஆயில் படலம் ரொம்ப மெலிசான இடத்துல ஒண்ணு ரெண்டு மைக்ரான் தான் இருக்கும். ஒரு தலைமுடி 70 மைக்ரான் கிட்ட. படலத்துல இருக்கிற ஆயில் ரெண்டு ஓரத்துலயும் கசிஞ்சுகிட்டே இருக்கும், பம்போட வேலை கசியறதை ஈடு கட்டுறது. பம்புக்குள்ள ஆயிலுக்கு பதிலா காத்து போச்சுன்னா ஈடு கட்ட ஆள் இல்ல, படலம் அறுந்து இரும்பு இரும்போட உரசும், சூடு ஏறும், ஷெல் மேல பூசியிருக்கிற மெது உலோகம் வழிச்சுக்கிட்டுப் போகும், இடைவெளி பெருசாகும், பெருசானா ஆயில் இன்னும் வேகமா கசியும். அப்புறம் டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்க ஆரம்பிச்சா அது மெக்கானிக்குக்கு ஆயில் டாப் அப் கேஸ் இல்ல, இன்ஜினைக் கழட்டுற கேஸ்.

இப்ப வளைவுக்கு வருவோம். வீட்டுக்கும் ஆஃபீஸுக்கும் போற கார் திரும்பும்போது 0.3, 0.4 ஜி பக்கவாட்டு விசை வந்தாலே உள்ள இருக்கிறவங்க கைப்பிடியைத் தேடுவாங்க. ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ் ட்ராக்ல நல்ல டயரோட 1 ஜி சாதாரணமா எடுக்கும். 1 ஜின்னா என்ன அர்த்தம்னா கீழ இழுக்கிற புவியீர்ப்பும் பக்கத்துல தள்ளுற விசையும் சமம், அப்ப சம்ப்ல, அதாவது இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற தொட்டில, இருக்கிற ஆயிலோட மேல்மட்டம் 45 டிகிரி சாய்ஞ்சு நிக்கும். ஆயில் உறிஞ்சுற குழாயோட வாய் சம்போட நடுவுல இருக்கு, ஆயில் ஓரத்துல போய் ஏறி நிக்குது. ஒரு நொடி ரெண்டு நொடின்னா சமாளிச்சுடும், நீளமான வளைவுல அஞ்சாறு நொடி அப்படியே நின்னா? மொத்த ஆயிலே சுமார் 5 லிட்டர் தான், 7,000 ஆர்பிஎம்ல, அதாவது கிராங்க் நிமிஷத்துக்கு 7,000 சுத்து சுத்தும்போது, பம்ப் நிமிஷத்துக்கு பல பத்து லிட்டர் இழுக்குது, கணக்கை நீங்களே போட்டுக்கலாம்.

பாக்ஸர் இன்ஜின்ல இது இன்னும் ஒரு படி மேல. சாதாரண நாலு சிலிண்டர் இன்ஜின்ல ஹெட், அதாவது வால்வ் எல்லாம் இருக்கிற சிலிண்டர் மூடி, மேல இருக்கும், அங்க போன ஆயில் தானா கீழ வடிஞ்சு வந்துடும். பாக்ஸர்ல பிஸ்டன்லாம் படுத்துக்கிட்டு இருக்கு, ஹெட் ரெண்டும் இடது வலது ஓரத்துல, கிராங்க் மட்டத்துலயே இருக்கு. கார் வலது பக்கம் திரும்பினா ஆயில் இடது பக்க ஹெட்டுக்குள்ள தள்ளப்படும், வளைவு முடியற வரைக்கும் வெளிய வராது. ஜிஆர்86ல ஆயில் பிரஷர் கேஜ் மாட்டி ட்ராக்ல ஓட்டினவங்க நீளமான வலது வளைவுகள்ல பிரஷர் விழுறதைப் பதிவு பண்ணியிருக்காங்க, அதுவும் ஒட்டுற டயர் மாட்டினா தான் அதிகம். கம்பெனி டயரோட மலை ரோட்ல போயிட்டு வர்றவருக்கு இந்த விஷயம் தலைவலியே இல்லன்னு தான் நான் சொல்வேன். மாசம் ஒரு தடவை ட்ராக்குக்குப் போறவருக்கு இது தான் முதல் கேள்வி.

பணம் இருந்தா இதுக்குத் தீர்வு ரொம்ப காலமா இருக்கு, ட்ரை சம்ப்னு பேரு. ஆயிலை இன்ஜினுக்கு அடியில தேங்க விடாம தனியா பம்ப் வச்சு உறிஞ்சி ஒரு உயரமான தொட்டில சேத்து வச்சுடுவாங்க, தொட்டி ஒல்லியா உயரமா இருக்கிறதால எவ்ளோ சாய்ஞ்சாலும் அடியில ஆயில் இருக்கும். போர்ஷே 911 ஜிடி3ல அது தான், செவர்லே கார்வெட் சி8ல எல்லா மாடல்லயும் அது தான். ஜிஆர்86 விலையில அது கட்டுப்படியாகாது.

இதோட ஜனங்க போட்டு குழப்பிக்கிற இன்னொரு விஷயம் சீலன்ட். இன்ஜின்ல ரெண்டு உலோக மூடி சேர்ற இடத்துல இப்பல்லாம் நிறைய இடத்துல பேப்பர் கேஸ்கெட் கிடையாது, ட்யூப்ல இருந்து பிதுக்குற சிலிக்கான் சீலன்ட் தான். போல்ட் இறுக்கும்போது அதிகப்படியானது ரெண்டு பக்கமும் பிதுங்கும், வெளிய பிதுங்கினது கண்ணுக்குத் தெரியும், உள்ள பிதுங்கினது காஞ்சு, ஆயில்ல ஊறி, ஒரு நாள் பிஞ்சு சம்ப்ல விழும், உறிஞ்சுற குழாய் வாயில இருக்கிற வலையில போய் ஒட்டிக்கும். நெட்ல யாராவது போட்ட, வலையில ரெண்டு துணுக்கு இருக்கிற ஃபோட்டோவைப் பார்த்து பதறத் தேவையில்ல, அதைப் பிடிக்கத்தான் அங்க வலையே வச்சிருக்கு. வலையோட பரப்புல எவ்ளோ அடைஞ்சிருக்குங்கிறது தான் விஷயம், ரொம்ப அடைஞ்சா பம்ப் அதிக ஆர்பிஎம்ல வேணுங்கிற அளவு உறிஞ்ச முடியாம ஆயில்ல குமிழி வர ஆரம்பிச்சுடும்.

சீலன்ட் இன்ஜினைக் கொல்லும்ங்கிறது வெறும் கதை இல்ல, இதே குடும்பத்துலயே ஒரு வரலாறு இருக்கு. 2018 நவம்பர்ல சுபாரு வால்வ் ஸ்பிரிங் உடையலாம்னு உலகம் பூரா சுமார் 4 லட்சம் கார்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க, அதுல முதல் தலைமுறை 86, பிஆர்இசட்டும் சேர்த்தி. ஸ்பிரிங் சின்ன சாமான் தான், ஆனா அதை மாத்த இன்ஜினை வெளிய எடுத்து மூடிகளைப் பிரிச்சு மறுபடி சீலன்ட் பூசி மூடணும், மணிக்கணக்கான வேலை. நல்லா ஓடிட்டு இருந்த சில கார்கள் இந்த ரிப்பேர் முடிஞ்சு வந்த பிறகு இன்ஜின் போய் நின்னுச்சு, பிரிச்சுப் பார்த்தா அதிகமா பூசின சீலன்ட் ஆயில் பாதையில இருந்துச்சுன்னு ஓனர்கள் புகார் சொல்லி விஷயம் கோர்ட் வரைக்கும் போச்சு. டிசைனைத் திட்டுறதா, கைவேலையைத் திட்டுறதா? ரெண்டையும் தான், அளவு தப்பினா இன்ஜினே போற மாதிரி ஒரு வேலையை ஒவ்வொரு டீலர்ஷிப்லயும் கையால பண்ண விட்டா இப்படித்தான் ஆகும்.

சரி, பாவம் சின்ன கார், பெரிய விலை குடுத்தா இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதுன்னு நினைச்சா அதுவும் இல்ல. 2014ல போர்ஷே 911 ஜிடி3, ஒரு லட்சம் டாலரைத் தாண்டின கார், ஐரோப்பாவுல ரெண்டு கார் தீப்பிடிச்சுது, கம்பெனி அந்த வருஷத்து 785 காரையும் ஓட்டாதீங்கன்னு சொல்லி எல்லாத்துக்கும் புது இன்ஜினே போட்டுக் குடுத்துச்சு. காரணம் கனெக்டிங் ராட்ல ஒரு போல்ட் லூஸ் ஆனது. ஒரு போல்ட் ஏன் இவ்ளோ பெரிய விஷயம்னா அந்த இன்ஜின் 9,000 ஆர்பிஎம் போகும், அப்ப பிஸ்டன் ஒவ்வொரு நொடிக்கும் 300 தடவை முழுசா நின்னு திரும்புது, மேல் முனையில திரும்பும்போது அதோட முடுக்கம் புவியீர்ப்பை விட 4,000 மடங்குக்கு மேல. அரை கிலோ எடை இருந்தா அந்த நொடியில அது ரெண்டு டன் மாதிரி ராடை இழுக்கும், அந்த இழுப்பைப் பிடிச்சுட்டு இருக்கிறது ராடோட ரெண்டு போல்ட். இந்த விசை ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும், அதாவது 6,000ல இருந்து 9,000க்குப் போனா ஒன்றரை மடங்கு இல்ல, ரெண்டே கால் மடங்கு. அதிக ஆர்பிஎம் இன்ஜினோட சத்தம் காதுக்கு சுகம் தான், பில்லு அந்த வர்க்கக் கணக்குல தான் வரும்.

சூடு வேற ஒரு கதை. ஆயில் சூடாக சூடாக நீர்த்துப் போகும், நீர்த்தா படலம் மெலியும். 2016 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி350ல அடிப்படை மாடல்ல கியர்பாக்ஸுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் கூலர் வைக்கல, ட்ராக்ல கொஞ்ச நேரம் ஓட்டினதும் கார் தன்னைக் காப்பாத்திக்க பவரைக் குறைச்சுடுச்சு, வாங்கினவங்க கேஸ் போட்டாங்க. இதை நான் ரிலையபிலிட்டி பிரச்சனைன்னு சொல்ல மாட்டேன், உடையாம தப்பிச்சுது இல்ல, ஆனா ட்ராக் கார்னு நம்பி வாங்கினவருக்கு அந்த வித்தியாசம் ஆறுதலா இருக்காது.

பேட்ஜைப் பார்த்து முடிவு பண்ணாதீங்கன்னு சொல்றதுக்கு 911 மாதிரி உதாரணம் கிடையாது. 1997 மாடலா வந்த போர்ஷே பாக்ஸ்டர்லயும், அதுக்கு அப்புறம் வந்த 911 கார்கள்லயும் இன்டர்மீடியட் ஷாஃப்ட்னு ஒரு தண்டு, அதோட ஒரு முனையில அடைச்சு மூடின குண்டு பேரிங், உள்ள இருக்கிற கிரீஸ் காலப்போக்குல போயிடும், பேரிங் உடைஞ்சா வால்வ் திறந்து மூடுற டைமிங் தாறுமாறாகி பிஸ்டனும் வால்வும் மோதிக்கும். அதே காலத்துல அதே ஷோரூம்ல வித்த 911 டர்போவுக்கும் ஜிடி3க்கும் உள்ள வேற இன்ஜின், அதுல இந்தப் பிரச்சனையே கிடையாது. 2009 மாடல்ல புது இன்ஜின் வந்ததும் அந்தத் தண்டையே எடுத்துட்டாங்க. ஆக "911 நம்பலாமா"ங்கிற கேள்விக்கு பதிலே இல்ல, எந்த வருஷம், எந்த இன்ஜின்னு கேட்டா தான் பதில் இருக்கு.

நெட்ல படிக்கிற புகார்களை எப்படி எடுத்துக்கிறதுங்கிறதும் ஒரு கணக்கு தான். இன்ஜின் போன முப்பது பேர் எழுதுவாங்க, ஃபோட்டோ போடுவாங்க, நல்லா ஓடிட்டு இருக்கிற பத்தாயிரம் பேர் "இன்னைக்கும் கார் ஸ்டார்ட் ஆச்சு"ன்னு எழுத மாட்டாங்க. பின்னத்துல மேல இருக்கிற எண், அதாவது இன்ஜின் போனவங்க எத்தனை பேர்னு தெரியுது, கீழ இருக்கிற எண், அதாவது மொத்தம் எத்தனை பேர்னு தெரியல. அதனால எத்தனை பேர்ங்கிறதை விட ஒரே பாகம் ஒரே மாதிரி உடையுதான்னு பாருங்க. அமெரிக்காவுல சாலைப் பாதுகாப்புத் துறையோட தளத்துல ஒரு மாடலுக்கு வந்த புகார், ரீகால், டீலர்களுக்கு கம்பெனி அனுப்பின சர்வீஸ் கடிதம் எல்லாம் யாரும் பார்க்கலாம், அந்த சர்வீஸ் கடிதங்கள் தான் தங்கம், கம்பெனிக்கே என்ன தெரியும்னு அதுல இருக்கும். முதல் வருஷ மாடலைத் தவிர்க்கணும்னு சொல்ற பழைய புத்தியிலயும் விஷயம் இருக்கு, தயாரிப்புக் குறைன்னா சீக்கிரமே வெளிய வந்துடும், தேய்மானம்னா ரொம்ப நாள் கழிச்சு தான் வரும், முதல் வகையை மத்தவங்க காசுல தெரிஞ்சுக்கலாம்.

ட்ராக் நினைப்பு இருந்தா வாரண்டி புத்தகத்துல ரேஸ், போட்டிங்கிற வார்த்தைகள் எங்க வருதுன்னு காசு கட்டுறதுக்கு முன்னாடியே வரிக்கு வரி படிங்க. காரோட கம்ப்யூட்டர் பல மாடல்கள்ல எத்தனை ஆர்பிஎம் எவ்ளோ நேரம் போச்சுன்னு எழுதி வச்சுக்கும், போர்ஷேல அதிக ஆர்பிஎம்மை படிப்படியா பிரிச்சு கணக்கு வச்சிருக்கும், செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது அந்த ரிப்போர்ட்டைக் கேக்காதவங்க ரொம்ப தைரியசாலிங்க. புது கார்னா ஆயில் மாத்தும்போது ஒரு சின்ன பாட்டில்ல சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பலாம். முதல் ரிப்போர்ட்ல சிலிக்கான் அதிகமா வந்தா பயப்படாதீங்க, புது சீலன்ட்ல இருந்து கரைஞ்சு வர்றது சகஜம், ரெண்டாவது மூணாவதுல இறங்குதான்னு பாருங்க. காப்பர், டின், அலுமினியம்னு உங்க பேரிங்ல என்ன உலோகம் இருக்கோ அது ஒவ்வொரு தடவையும் ஏறிக்கிட்டே போனா மட்டும், டொக்கு சத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்காம, வாரண்டி முடியறதுக்குள்ள அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு டீலர்கிட்ட போங்க.