தொக்கம் எடுக்க வயிற்றில் எதுவும் சிக்கியிருக்காது

வயிற்றில் சிக்கிய உணவை ஊதி எடுப்பதாகச் சொல்லும் தொக்கத்தை எடுத்துவிட்டு என்னிடம் வருவதில், இந்த மாதத்தில் இது மூன்றாவது குழந்தை. எட்டு மாதம். முந்தாநாளிலிருந்து விட்டுவிட்டு வீறிட்டு அழுகிறது, காலை வயிற்றோடு மடக்குகிறது, கொஞ்ச நேரத்தில் துவண்டு அடங்குகிறது, மறுபடி வீறிடுகிறது. "ரெண்டு தடவ தொக்கம் எடுத்தாச்சு டாக்டர், அப்பவும் நிக்கல" என்று பாட்டி ஒரு காகித மடிப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஓர் உருளைக்கிழங்குத் துண்டு. போன வாரம் ஊட்டியதாம், வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்ததாம், வயிற்றை நீவி வாயில் ஊதி எடுத்தார்களாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கத்தி பட்ட ஓரம் கூர் மழுங்காமல் அப்படியே இருந்தது.

இரைப்பைக்குள் ஒரு வாரம் கிடந்த கிழங்கு இப்படி இருக்கவே முடியாது. முதலில், அங்கே அது ஒரு வாரம் கிடக்காது. அமிலத்தில் ஊறவைத்து, பிசைந்து, கூழாக்கி, சிறுகச் சிறுக சிறுகுடலுக்குத் தள்ளிவிடுவதுதான் இரைப்பையின் வேலை. தாய்ப்பால் என்றால் சுமார் இரண்டு மணி நேரம், சோறு இட்லி என்றால் நாலைந்து மணி நேரம், அவ்வளவுதான். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன் திட உணவை 6 மணி நேரமும் தாய்ப்பாலை 4 மணி நேரமும் நிறுத்தச் சொல்வது இந்தக் கணக்கை நம்பித்தான். சிறுகுடலுக்குப் போனதை வாயில் ஊதி மேலே இழுக்கவும் வழியில்லை. ஊதும்போது ஊதுகிறவர் வாயில் இருக்கும் துணுக்கு குழந்தையின் மூச்சுக்குழாயில் இறங்கினால் அதற்கு மூச்சுத் திணறும். அதற்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

"பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எடுத்ததும் சரியாயிடுச்சே?" என்பார்கள். வைரஸால் வரும் வாந்தியும் பேதியும் பெரும்பாலும் சில நாளில் தானாகவே நிற்கும். நிற்கிற நாளில் தொக்கம் எடுத்தவருக்குப் பேர் கிடைக்கிறது.

இந்தக் குழந்தைக்கு வந்தது வேறு. சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்தில், சட்டைக் கையை உள்ளே தள்ளியது மாதிரி, குடலுக்குள் குடல் செருகிக்கொண்டது. ஸ்கேனில் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம்தான் அதிகம் பார்க்கிறோம். சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம், ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்புநீரையோ செலுத்தி விடுவித்துவிடலாம். தாமதித்தால் ரத்த ஓட்டம் அடைபட்டு அந்தப் பகுதி அழுகிவிடும். இந்தக் குழந்தைக்கு ஒரு துண்டுக் குடலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது பால் குடிக்கிறது. பாட்டியைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை, துடிக்கிற பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். ஊதி எடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

அதனால் தயவுசெய்து கேளுங்கள். விட்டுவிட்டு வீறிட்டால், பச்சையாக வாந்தி எடுத்தால், வயிறு உப்பினால், குழந்தை துவண்டு கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மலத்தில் ரத்தமும் சளியும் வந்தால் ஏற்கெனவே நேரம் போய்விட்டது என்று வையுங்கள். வயிற்றை நீவ வேண்டாம், ஊத வேண்டாம், விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டாம். வழியில் வாய்க்கு எதுவும் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ரத்தம் பட்ட துணியை அலசிவிடாமல் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள், அதை நான் பார்க்க வேண்டும்.