வெளி மாநிலத்துக் கார், உள்ளூர் ரெஜோ

மெல்பர்னில் ஒரு டொயோட்டா கரோலா 18,000 டாலருக்கு விளம்பரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வருடத்து வண்டி, கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர் ஓடியது, சிட்னியில் 19,500. ஆயிரத்து ஐநூறு மிச்சம் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கில் விட்டுப்போவது ரெஜோ, அதாவது வாகனப் பதிவு. ஆஸ்திரேலியாவில் அது ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி. கார் எல்லை தாண்டி உங்கள் பெயருக்கு மாறும்போது பழைய பதிவு கூடவே வராது.

சிட்னிக்குள்ளேயே வாங்கியிருந்தால், ரெஜோவில் ஏழு மாதம் பாக்கி இருந்தால் அந்த ஏழு மாதமும் உங்களுக்கு. கிரீன் ஸ்லிப்பும் (கட்டாய விபத்துக் காயக் காப்பீடு) காரோடு சேர்ந்தே வந்துவிடும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக் காரில் பத்து மாத ரெஜோ மிச்சமிருந்தாலும் உங்களுக்கு அது ஊருக்கு ஓட்டி வர மட்டும்தான் பயன்படும். இங்கே வந்ததும் ப்ளூ ஸ்லிப் (பதிவுக்கு முந்தைய வாகனச் சோதனைச் சான்று), கிரீன் ஸ்லிப், புது நம்பர் பிளேட், பதிவுக் கட்டணம் என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஒரு சிறிய காருக்கே ஒரு வருட ரெஜோவும் கிரீன் ஸ்லிப்பும் சேர்ந்து ஆயிரம் டாலரை ஒட்டி வரும். பழைய பதிவை ரத்து செய்தால் கிடைக்கும் மீதிப் பணமோ பதிவில் பெயர் உள்ளவருக்கு, அதாவது விற்றவருக்குப் போகும். "ரெஜோ பத்து மாதம் இருக்கு" என்று அவர் விலையைத் தூக்கிப் பிடித்தால், "அந்தப் பத்து மாதம் உங்களுக்குத்தானே திரும்பி வரப்போகிறது" என்று சொல்லி விலையைக் குறைக்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

இப்போது அந்த ஆயிரத்து ஐநூறைப் பாருங்கள். உள்ளூர்க் காரோடு வந்திருக்கக்கூடிய ஏழு மாத ரெஜோவின் மதிப்பு சுமார் 600. மெக்கானிக் சோதனைக்கு 300 என்று வையுங்கள். ஒருவழி விமானம் 150. ஹியூம் நெடுஞ்சாலையில் 880 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் அறுபது லிட்டர் சொச்சம், அது ஒரு 120. ப்ளூ ஸ்லிப்புக்கும் பிளேட்டுக்கும் கட்டியபின் கையில் நிற்பது இருநூறு சொச்சம், அதுவும் ஒரு வார இறுதியைத் தொலைத்த பிறகு. எங்கும் கிடைக்கிற கரோலாவுக்கும் மாஸ்டா 3-க்கும் எல்லை தாண்டுவது வீண் வேலை என்பதே எங்கள் கருத்து. உள்ளூரில் கிடைக்காத மாடல், நல்ல சர்வீஸ் லாக்புக் உள்ள டீசல் வேன், மூவாயிரத்துக்கு மேல் விலை வித்தியாசம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

ஸ்டாம்ப் டியூட்டியைப் பொறுத்தவரை எந்த மாநிலத்தில் பதிவு செய்கிறீர்களோ அங்கே கட்டுங்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் சாதாரணக் காருக்கு 45,000 டாலர் வரை நூற்றுக்கு 3 டாலர், அதற்கு மேற்பட்ட தொகைக்கு நூற்றுக்கு 5. விலை, சந்தை மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல்தான் கணக்கு. அதனால் ரசீதில் குறைத்து எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. "முதலில் அங்கேயே பேர் மாத்திட்டு வாங்க" என்று விற்பவர் சொன்னால் கேட்காதீர்கள். விக்டோரியாவில் பழைய காருக்கான விகிதம் 200 டாலருக்கு 8.40. இங்கே கட்டுவதைவிட அது அதிகம்.

அடுத்தது பி.பி.எஸ்.ஆர். கார் போன்ற சொத்துகளின்மேல் உள்ள கடன்களைப் பதிந்து வைக்கும், 2012 ஜனவரி 30 முதல் நாடு முழுவதற்கும் பொதுவான பதிவேடு இது. அரசுத் தளத்தில் ஒரு தேடலுக்கு 2 டாலர். கூகுளில் முதலில் வரும் தனியார் தளங்கள் இதே தகவலை அழகாக அச்சிட்டு முப்பது நாற்பது டாலருக்கு விற்கின்றன. தேடலில் மூன்று விஷயம் தெரியும்: காரின்மேல் கடன் பதிவாகியிருக்கிறதா, திருட்டு வண்டியா, ரைட்-ஆஃப் (சேதத்தால் கழித்துக்கட்டியது) ஆனதா.

தேட வேண்டியது வின் நம்பரை வைத்து, பிளேட் நம்பரை வைத்து அல்ல. வின் என்பது ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண், எழுத்தும் எண்ணும் கலந்து 17 இலக்கம். அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிவது எப்போதும் பூஜ்யம்தான். விற்பவர் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பிய நம்பரை நம்பித் தேடாதீர்கள். ஒரு எழுத்து தவறினாலும் "கடன் பதிவு எதுவும் இல்லை" என்று சான்றிதழ் சுத்தமாக வந்துவிடும், ஏனென்றால் அப்படி ஒரு காரே இல்லை. சான்றிதழில் காரின் மேக், மாடல், நிறம், பிளேட் விவரங்கள் வந்திருக்கின்றனவா, அவை எதிரே நிற்கும் காரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். முன் கண்ணாடியின் கீழ் ஓரம், கதவுத் தூண், பானட்டுக்குள் அடித்த எண் ஆகியவற்றைக் கேமராவை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தனித்தனிப் படங்களை வேறு காரிலிருந்தும் எடுக்கலாம்.

தேடிய நாளும் முக்கியம். பணம் கொடுத்துக் காரை எடுக்கும் அதே நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ தேடியிருந்தால்தான், பின்னால் ஒரு கடன்காரர் வந்து நிற்கும்போது சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். போன வாரத்துச் சான்றிதழ் போதாது. விமானம் ஏறும் முன் ஒருமுறை, சாவி வாங்கும் காலையில் இன்னொரு முறை என மொத்தம் 4 டாலர். கடன் இருப்பதாக வந்தால், "பணம் வந்ததும் அடைச்சிடறேன்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். நிதி நிறுவனத்திடமிருந்து பாக்கித் தொகைக் கடிதம் வாங்கி, அந்தத் தொகையை நேரே அவர்களுக்குக் கட்டி, மீதியை மட்டும் விற்பவரிடம் கொடுங்கள்.

ரைட்-ஆஃப் விஷயத்தில்தான் எல்லை தாண்டி வாங்குபவர் அதிகம் அடிபடுகிறார். ஸ்டாட்யூட்டரி ரைட்-ஆஃப் என்றால் அந்த வண்டி மறுபடி ரோட்டுக்கே வர முடியாது, உதிரிபாகத்துக்கு மட்டும்தான். ரிப்பேரபிள் ரைட்-ஆஃப் என்றால் விக்டோரியா, குவீன்ஸ்லாந்து போன்ற இடங்களில் பழுதுபார்த்து, தனிச் சோதனை தாண்டி, மறுபடி ரெஜோ வாங்கிவிடலாம். நியூ சவுத் வேல்ஸ் 2011 ஜனவரி 31 முதல் இந்தக் கதவைச் சாத்திவிட்டது. ஆலங்கட்டி மழை சேதம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. மெல்பர்னில் சட்டப்படி ஓடிக்கொண்டிருக்கும் கார்கூட சிட்னி கவுண்டரில் நின்றுவிடக்கூடும். சான்றிதழில் அந்தச் சொல்லைப் பார்த்தால், உங்கள் மாநிலப் பதிவு அலுவலகத்திடம் வின்னைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்காமல் டெபாசிட் கட்டாதீர்கள்.

பி.பி.எஸ்.ஆருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. யாராவது அறிக்கை கொடுத்தால்தான் ரைட்-ஆஃப் பதிவேட்டில் ஏறும், அதைக் கொடுப்பது பெரும்பாலும் இன்சூரன்ஸ் நிறுவனம். 2022 பிப்ரவரி-மார்ச் வெள்ளத்தில் பிரிஸ்பேனிலும் லிஸ்மோரிலும் நிறைய வண்டிகள் முங்கின. முழு இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை உரிமையாளரே காயவைத்து விற்றால் பதிவேட்டில் தடயமே இருக்காது. சட்டப்படி, உப்புநீர் கதவு நிலை மட்டத்துக்கு மேல் ஏறினாலே அது ஸ்டாட்யூட்டரி ரைட்-ஆஃப் ரகம். நன்னீர் என்றால் டேஷ்போர்டு அல்லது ஸ்டியரிங் மட்டத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் அளந்து சொல்லப்போவதில்லை, கையால்தான் தேட வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருந்த அடிப்பகுதியில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும். சீட்டுக்கு அடியில் அது நகரும் தண்டவாளத்தின் போல்ட் தலைகளில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் மெல்லிய மண், டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கனெக்டர்களில் பச்சைப் பூப்பு. வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அதுவும் ஒரு அறிகுறிதான்.

குவீன்ஸ்லாந்திலிருந்து ஃபோர்-வீல் டிரைவ் வாங்குபவர்களுக்குத் துருதான் முதல் எதிரி. காரி தீவின் (முன்பு ஃபிரேசர் தீவு) கடற்கரையில் ஓடிய பிராடோ மேலே பளபளவென்று இருக்கும், சேஸியின் உள்பக்கமும் பிரேக் பைப்புகளும் அரித்திருக்கும். அடிப்பாகத்தில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சஸ்பென்ஷன் உயர்த்தியது, பெரிய டயர், கறுப்புக் கண்ணாடி இவற்றுக்கான விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அங்கே கொடுத்த மாடிஃபிகேஷன் தகடு இங்கே செல்லுமா என்று ப்ளூ ஸ்லிப் போடும் கராஜிடம் முன்கூட்டியே படம் அனுப்பிக் கேட்டுவிடலாம்.

"ரோட்வொர்தி இருக்கு, பயப்படாதீங்க" என்பது அடுத்த வசனம். விக்டோரியாவின் ரோட்வொர்தி, அதாவது ஓட்டத் தகுதிச் சான்றிதழ், 30 நாள் செல்லும். குவீன்ஸ்லாந்தின் சேஃப்டி சர்டிபிகேட், தனியார் விற்பனையில் 2 மாதம் அல்லது 2,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. இரண்டும் நியூ சவுத் வேல்ஸ் ப்ளூ ஸ்லிப்புக்கு ஈடாகாது. அதைவிட முக்கியம், இவை பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு, சீட் பெல்ட் போன்ற பாதுகாப்பு விஷயங்களை மட்டுமே பார்க்கும். கியர்பாக்ஸ் வழுக்குகிறதா, ஏ.சி. வேலை செய்கிறதா, டைமிங் பெல்ட் மாற்றினார்களா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தின் வேலை இல்லை.

அதற்குத்தான் சுயேச்சையான சோதனை. விக்டோரியாவில் ஆர்.ஏ.சி.வி., குவீன்ஸ்லாந்தில் ஆர்.ஏ.சி.க்யூ. போன்ற வாகன ஓட்டிகள் சங்கங்கள் இந்தச் சேவையைத் தருகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். நடமாடும் மெக்கானிக்குகளும் உண்டு. விற்பவர் கைகாட்டும் ஆளாக மட்டும் இருக்கக் கூடாது. சோதிப்பவரிடம் நான்கு விஷயங்களைத் தனியாகக் கேளுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சின் குளிர்ந்திருந்ததா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சூடேற்றி வைத்த எஞ்சின் தன் சத்தத்தை மறைத்துவிடும். ஸ்கேன் கருவியில் பிழைக் குறியீடுகளோடு நிறுத்தாமல், குறியீட்டை அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் படிக்கச் சொல்லுங்கள். "12 கி.மீ." என்று வந்தால் நேற்றுதான் யாரோ எச்சரிக்கை விளக்கை அணைத்திருக்கிறார்கள். பெயின்ட் கனமானியில் கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும், ஒரு கதவில் மட்டும் 400 காட்டினால் அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள். டயர் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் குறித்து வரச் சொல்லுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். டகாட்டா நிறுவனத்தின் பழுதான ஏர்பேக் திரும்பப்பெறலில் சிக்கிய காரா என்பதை வின் வைத்து நீங்களே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் அனுப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. முதல்முறை அனுப்பும் கணக்கென்றால் வங்கி 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கக்கூடும், நாளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் இருக்கும். சனிக்கிழமை மாலை, சாவி எதிரே, பணம் நடுவழியில் என்று நிற்காமலிருக்க இரண்டு நாள் முன்பே பத்து டாலர் அனுப்பிப் பாருங்கள். கணக்கின் பெயர், லைசென்ஸ், ரெஜோ பேப்பர் மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். "நான் சுரங்க வேலையில் இருக்கேன், கார் ஏஜென்ட் மூலமா வரும்" என்ற விளம்பரங்களுக்கு டெபாசிட்டே வேண்டாம்.

ரசீதில் வின், பிளேட், ஓடோமீட்டர் எண், விலை, இருவரின் முகவரி, லைசென்ஸ் எண் இருக்கட்டும். தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். அன்று மதியம் கேமராவில் விழும் வேகத்துக்கு யார் பொறுப்பு என்பதை அந்த நேரம்தான் சொல்லும். உங்கள் சிட்னி பதிவு முடியும்வரை, அல்லது குறிப்பிட்ட ஒரு தேதிவரை, பழைய ரெஜோவை ரத்து செய்ய மாட்டேன் என்று விற்பவரிடம் ஒரு வரியும் சேர்த்து வாங்குங்கள். மீதிப் பணத்துக்கு ஆசைப்பட்டு அவர் அன்றிரவே ரத்து செய்தால், வழியில் உள்ள கண்டாகைக்கு வரும்போது நீங்கள் பதிவில்லாத காரை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ரெஜோ ஏற்கெனவே இல்லாத கார் என்றால் பர்மிட் எடுங்கள், அதில் எழுதிய நாளும் வழியும் மட்டுமே செல்லும். அல்லது கேரியர் லாரியில் ஏற்றிவிடுங்கள். ஏற்றும் இடத்தில் நான்கு பக்கமும் படம் எடுத்து, போக்குவரத்துக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

விக்டோரியா ரெஜோவோடு வரும் டி.ஏ.சி. காப்பீடு மனிதர்களுக்கான காயத்துக்குத்தான். கார் நசுங்கினால் ஒரு சதம் வராது. ஹியூமில் அந்தி நேரத்துக் கங்காருவை மனதில் வைத்து, சாவி வாங்கும் முன்பே இன்சூரன்ஸ் தொடங்கிவிடுங்கள்.

பின்னால் தகராறு வந்தால்? டீலரிடம் வாங்கியிருந்தால் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குவீன்ஸ்லாந்து மூன்றிலும், பத்து வருடத்துக்கும் 160,000 கிலோமீட்டருக்கும் உட்பட்ட காருக்குச் சட்டப்படி 3 மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர் வாரண்டி உண்டு. ஆனால் பழுதுபார்க்க யார் கராஜுக்கு, யார் செலவில் கொண்டுபோவது என்பதை முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். தனியாரிடம் வாங்கினால் அந்த வாரண்டி இல்லை. இன்னொரு முடிச்சும் உண்டு: 2018-இல் பர்ன்ஸ் எதிர் கார்பெட் வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, வெவ்வேறு மாநிலத்தில் வசிக்கும் இரு தனிநபர்களுக்கிடையிலான வழக்கை, கோர்ட் என்ற தகுதி இல்லாத மாநிலத் தீர்ப்பாயங்கள் விசாரிக்க முடியாது. உள்ளூரில் என்றால் குறைந்த கட்டணத்தில் தீர்ப்பாயத்தில் முடியக்கூடிய விவகாரம், எல்லை தாண்டினால் கோர்ட்டுக்குப் போகக்கூடும்.

சிட்னி வந்ததும் ப்ளூ ஸ்லிப்புக்கு முன்பதிவு செய்யுங்கள், எல்லா கராஜும் அதைப் போடுவதில்லை. புதுப் பிளேட் கிடைத்த அன்றே பழையதைக் கழற்றி ஒப்படைத்து, அந்த ரசீதின் படத்தை விற்றவருக்கு அனுப்புங்கள். வரும் வழியில் மெல்பர்னின் சிட்டிலிங்க் சாலையில் ஏறியிருந்தால் டோல் அவர் கணக்கில்தான் விழுந்திருக்கும். அதையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.