வாடிக்குள் மழை எங்கிருந்து வருகிறது?

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் பல இரவுகள் வானம் தெளிந்திருக்கும். ஆனாலும் மரக்கறித் தோட்டத்து வாடியில், அதாவது வேலையாட்கள் தங்கும் தற்காலிகத் தகரக் கொட்டிலில், படுத்து எழும்புகிறவரின் போர்வை விடியும்போது ஈரமாக இருக்கும். கூரையில் ஓட்டை என்று நினைத்துத் தார் பூசுவார்கள். அடுத்த நாளும் சொட்டும். அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு உள்ளே தூங்கியவர்களின் மூச்சிலிருந்து வந்தது.

கணக்குப் பாருங்கள். தூங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவி விடுகிறார். நாலு பேர், எட்டு மணி நேரம் என்றால் ஒரு லீட்டருக்கும் மேல். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், எட்டடி உயரம் என்று வைத்தால், ஏறக்குறைய 27 கன மீட்டர் காற்று இருக்கும். 15 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 13 கிராம் அளவு நீராவியைத்தான் தாங்கும். ஆக, அறை முழுக்க 350 கிராம். மிச்சம், அறையில் எந்த இடம் ஆகக் குளிர்ந்ததோ அங்கே நீராகப் படியும்.

அந்த இடம் தகரம். தெளிந்த இரவில் கூரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி, வெளிக்காற்றைவிடவும் சில பாகை குளிர்ந்துவிடுகிறது. நுவரெலியாப் புல்வெளியில் உறைபனி பிடிப்பதும் இதே வழியில்தான். துருவேறிய பழைய தகரம் பளபளப்பான புதுத் தகரத்தைவிட நன்றாகக் கதிர்வீசும் என்பதால் பழசு கூடுதலாகச் சொட்டும். சோற்றுப்பானை மூடிக்கு அடியில் நடப்பதேதான்.

சொட்டும் தகரத்துக்கு மேல் இன்னொரு தகரம் போடுவதில் பெரிய பயனில்லை. மூச்சுக்காற்று தகரத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். நாலைந்து அங்குலம் கீழே பலகையால் ஓர் உட்கூரை அடித்து, அதன் பொருத்துகளை அடைத்துவிட்டு, இடைவெளியின் இரு முனைகளையும் வெளிக்காற்றுக்குத் திறந்துவிட்டால் போதும். உட்கூரையின் அடிப்பக்கம் அறையின் வெப்பநிலையோடு ஒட்டியே இருக்கும், அதில் நீர் படிவது வெகுவாகக் குறையும்.

நீராவி வெளியேறவும் வழி வேண்டும். காற்றுத்துவாரம் வைத்தால் சாக்கை வைத்து அடைத்துவிடுகிறார்கள் என்று முதலாளிமார் குறைப்படுவதுண்டு. தலைமாட்டில் குளிர்காற்று அடித்தால் யார்தான் அடைக்க மாட்டார்கள்? வாசல் உயரத்துக்கு மேலே, காற்றுக்கு முதுகு காட்டும் பக்கத்தில் துவாரம் வைத்தால் அடைக்கும் தேவை வராது. அட்டன், வட்டவளைப் பக்கம் அடிப்பது தென்மேல் மழை. வெலிமடை, பதுளைப் பக்கம் வடகீழ் மழை. ஒரே வரைபடத்தை இரண்டு பக்கத்துக்கும் கொடுத்தால் ஒன்றில் சாரல் உள்ளே வரும்.

அடுப்பு அறைக்குள் இருந்தால் இவ்வளவும் வீண். ஒரு கிலோ விறகு, நன்றாகக் காய்ந்ததாகவே இருந்தாலும், எரியும்போது அரை லீட்டர் அளவுக்கு நீராவியை விடும். புகை வேறு. குசினியைத் தனிச் சாய்ப்பாக இறக்கி, அதன் சூட்டில் நனைந்த படங்கையும் கம்பளியையும் காயப்போடக் கொடி கட்டினால் ஈரத்துணியும் படுக்கும் அறையை விட்டுப் போகும்.

அப்புறம் இடம். அனர்த்த முகாம்களுக்கான ஸ்பியர் தரங்களே ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் கேட்கின்றன. குளிர் பிரதேசத்தில் 4.5 முதல் 5.5 வரை. பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது 11 சதுர மீட்டர். அந்தக் கணக்கில் அது இரண்டு பேருக்கான அறை.

தற்காலிகம் என்றால் உண்மையிலேயே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து போனவர்களைத் தங்கவைத்த லயம் என்ற வரிசைக் குடியிருப்பு, 1869 முதல் இலைத்துரு நோய் கோப்பியை அழித்து ஆண்டு முழுக்க ஆள் கேட்கும் தேயிலை வந்தபோது, நிரந்தர வீடாகிப்போனது. ஆணிக்குப் பதில் போல்ட் பூட்டிய சட்டகத்தை அடுத்த போகத்துக்கு வேறு இடத்துக்குத் தூக்கிப் போகலாம். கால்களில் நிறுத்தினால் தரையின் ஈரமும் ஏறாது, மேட்டை வெட்டித் தளம் எடுக்கவும் வேண்டாம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த பிறகும், சரிவின் அடியை வெட்டி வாடி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

காசு குறைவு என்றால் முதலில் உட்கூரை, அடுத்தது குசினிச் சாய்ப்பு. கதவுக்கு உட்பக்கத் தாழ்ப்பாளையும் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒரு விளக்கையும் இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. அவை முதல் நாளே இருக்க வேண்டியவை.