எதிரே வருகிறவர் ரோட்டைப் பார்க்கவில்லை என்றால்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. வந்த மெசேஜைப் படிக்க ஓட்டுநர் மூன்று விநாடி குனிந்தால், 66 மீட்டர் தூரத்துக்கு அந்தக் காரை யாரும் ஓட்டவில்லை. பெருந்துறை, அவினாசி வழியாகப் போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அந்த 66 மீட்டருக்குள் என்ன வேண்டுமானாலும் குறுக்கே வரலாம். அவரைத் திருத்துவது நம் கையில் இல்லை. அவர் தவறும் நேரத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

கவனம் சிதறிய வண்டியை அதன் போக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். கோட்டை ஒட்டி மெல்லச் சாய்ந்து போய், வெடுக்கென்று உள்ளே திரும்பும். காலி ரோட்டில் வேகம் காரணமில்லாமல் குறைந்து, மறுபடி ஏறும். பச்சை விழுந்தும் நகராது. போட்ட இண்டிகேட்டர் அணையாமலே ஓடும். இரவில் ஓட்டுநர் முகத்தில் போன் வெளிச்சம் தெரியும். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசுகிறவருக்கு உங்கள் ஹாரன் பாதிதான் கேட்கும். தோளில் இடுக்கிப் பேசுகிறவர் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார்.

2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, போனைக் கையில் வைத்து ஓட்டுவதை அபாயகரமாக ஓட்டுவதில் சேர்த்திருக்கிறது. ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசுகிறவர் அதில் வரமாட்டார். ஆனால் அவரும் கவனமாக ஓட்டுகிறார் என்று நம்பாதீர்கள். கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் மனசு பேச்சில் இருக்கும். பார்த்ததைக்கூட மூளை தாமதமாகத்தான் பதிந்துகொள்ளும்.

அப்படி ஒரு வண்டி முன்னால் போனால் இடைவெளியைக் கூட்டுங்கள். அது ஒரு கம்பத்தைத் தாண்டியதும் 'இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று' என்று நிதானமாக எண்ணி முடித்த பிறகே நீங்கள் அந்தக் கம்பத்தை அடைய வேண்டும். மழையில் இன்னும் ஒன்றிரண்டு எண்ணிக்கை கூடுதலாக விடுங்கள். தாண்டியே ஆக வேண்டும் என்றால், தூரத்திலேயே இரண்டு சின்ன ஹாரன் கொடுத்து வலப்பக்கமாகச் சட்டென்று கடந்துவிடுங்கள், கூடவே ஓடாதீர்கள். காதோரம் போய் நீளமாக அடித்தால் அவர் திடுக்கிட்டு உங்கள் மேலேயே ஒடிப்பார். லாரி என்றால், அதன் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியாதவரை நீங்களும் அவர் கண்ணில் பட மாட்டீர்கள்.

பின்னால் வருகிறவரைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள். சிக்னலில் நிற்கப் போகிறபோது பிரேக்கை முன்கூட்டியே இரண்டு மூன்று தடவை லேசாகத் தொட்டால் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். குனிந்திருக்கும் கண்ணுக்கும் அது தட்டுப்படும். முன் வண்டியின் பின் டயர் ரோட்டைத் தொடும் இடம் தெரியும் அளவுக்குத் தள்ளி நில்லுங்கள். டூவீலர்காரர்கள் நடுவில் நிற்காமல் ஓரமாகத் தள்ளி, முதல் கியரில் கிளட்சைப் பிடித்தபடி, பின்னால் ஒரு வண்டியாவது வந்து முழுசாக நிற்கும்வரை கண்ணாடியைப் பாருங்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடையில் போய் நிற்பது எந்த நேரத்திலும் வேண்டாம்.

மீடியன் திறப்புகளிலும் சர்வீஸ் ரோடு வந்து சேரும் இடங்களிலும் இண்டிகேட்டரை நம்பாமல் முன் சக்கரத்தைப் பாருங்கள். வண்டி திரும்பப் போகிறதா என்பதை அதுதான் முதலில் காட்டும். திருப்பூர், பல்லடம் பக்கம் பனியன் கம்பெனி ஷிப்ட் விடும் நேரத்தில் எதிர்த்திசையிலும் டூவீலர்கள் வரும். இரண்டு பக்கமும் பார்த்தே கடக்க வேண்டும். நடந்து கடப்பவர்களுக்கும் ஒன்று. நின்று வழிவிட்ட பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வண்டி நிற்காமல் வரலாம். பஸ்ஸின் முன் மூலையில் ஒரு கணம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அடி எடுத்து வையுங்கள்.

நான்குவழிச் சாலையில் வண்டி பழுதானால் ஹசார்ட் விளக்கைப் போட்டு, முக்கோணத்தை 100 மீட்டராவது பின்னால் வையுங்கள். கூட வந்தவர்கள் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்கட்டும். வண்டியின் பின்னால் நின்று டயர் மாற்றுவதை வேடிக்கை பார்ப்பது மிக ஆபத்தானது: ஓரம் விலகி வருகிற கார் முதலில் மோதுவது அங்கேதான், நிற்பவர் உடம்பு பின் விளக்கையும் மறைத்துவிடும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

போனைப் பற்றிப் பேசும்போது அழைப்பவர்களையும் சொல்லியாக வேண்டும். ஓட்டுநருக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் வீட்டிலிருந்தோ, குடோனிலிருந்தோதான் வருகிறது. 'எங்கங்க வந்துட்டிருக்கீங்க?' என்று கேட்க ஐந்து தடவை அடிப்பதைவிட, கிளம்பும்போதே எங்கே நிறுத்திப் பேசுவது என்று முடிவு செய்துகொள்ளலாம். கோவையிலிருந்து சேலம் போகிற லோடு என்றால் பெருந்துறையில் ஒன்று, சங்ககிரியில் ஒன்று போதும். 'வண்டி ஓட்டீட்டு இருக்கறனுங்க' என்று எதிர்முனை சொன்னால், வேறு ஒரு வார்த்தையும் பேசாமல் உடனே வைத்துவிடுங்கள்.