புகையால் ஊதும் துருத்தி

மருமகன் அதை ஒரு உரப்பைக்குள் சுற்றிக்கொண்டு வந்தான். அவிழ்த்துப் பார்த்தால் நத்தை ஓடுகள் போல இரண்டு கூடுகள். ஒன்று துருவேறிய வார்ப்பிரும்பு, மற்றது அலுமினியம். பழைய ஜப்பான் எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போ, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சாமான்.

"மாமா, இத நம்மட கொரோலாவுக்குப் பூட்டினா எவ்வளவு பவர் கூடும்?"

எனக்கென்ன தெரியும். திருகோணமலை அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட இருக்கும் கராஜுக்குக் கொண்டுபோனோம். கராஜ் அண்ணன் நடுத்தண்டை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார், சுற்றிப் பார்த்தார், ஒயில் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். "சாமான் நல்லந்தான் தம்பி. ஆனா இதப் பூட்டுறதெண்டா முதல்ல ஹெட்டக் கழட்ட வேணும்."

மருமகனின் முகம் சுருங்கிவிட்டது. சைலன்சர் பக்கம் நாலு நட் இறுக்கினால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தவன். புகைக்குழாயில் பூட்டும் சாமானுக்கும், சிலிண்டர்களுக்கு மேலே மூடிபோல இருக்கும் எஞ்சினின் தலைக்கும் என்ன சம்பந்தம்?

எஞ்சினுக்குத் தீனி பெற்றோல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். கொரோலா 110இல் வரும் 5ஏ எஞ்சின் 1498 சிசி. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒவ்வொரு சிலிண்டரும் மூச்செடுக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடினாலும் செக்கனுக்கு 75 லீற்றர் காற்றுத்தான் அதன் உச்ச அளவு. பெற்றோலைக் கூட்டுவது பெரிய வேலையில்லை. இடமில்லாத இடத்தில் காற்றைத் திணிப்பதுதான் பாடு.

கொல்லன் பட்டறையில் அந்த வேலையைத் துருத்தி செய்யும். துருத்தியை அமுக்க ஒரு ஆள் வேண்டும். எஞ்சினில் அந்த ஆள் யார்? சுவிஸ் பொறியியலாளர் அல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை, வீணாக வெளியே போகும் புகையையே அந்த ஆளாக்கியது. பெற்றோல் தரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகத்தான் போகிறது. அந்தக் கொதிக்கும் புகை இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் சில்லைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் அலுமினியக் கூட்டுக்குள் இன்னொரு சில்லு. அது வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும் வேகம். ஒரு பக்கம் 900 பாகை செல்சியஸைத் தொடும் புகை, ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில் மறுபக்கம் சாதாரணக் காற்று. இரண்டுக்கும் நடுவே தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம்.

இதுவரை எல்லாம் நல்ல செய்தி. சிக்கல் காற்றை அமுக்கும்போது தொடங்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பக்கம் சுடுவது தெரியும். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்துத் திருகோணமலை மத்தியானத்தை எடுத்துக்கொள்வோம். வெளியே 35 பாகை. டர்போ அந்தக் காற்றை வளிமண்டல அமுக்கத்தின் ஒன்றரை மடங்காக்குகிறது. அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 7 இறாத்தல் மேலதிக அமுக்கம், கராஜ் பாஷையில் பூஸ்ட். டியூனிங் செய்பவர்கள் இதை "சின்னப் பூஸ்ட்" என்பார்கள். ஆனால் சாதாரண டர்போ ஒன்றிலிருந்து அந்தக் காற்று வெளியே வரும்போது 90 பாகைக்குக் கிட்ட வந்துவிடும். சூடான காற்று விரிந்த காற்று. அதனால் அமுக்கம் 50 வீதம் கூடினாலும் உள்ளே போகும் காற்றின் நிறை 28 வீதமளவில்தான் கூடும்.

அந்த நட்டம்கூடப் பரவாயில்லை. அந்தச் சூடு சிலிண்டருக்குள் என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். 5ஏ எஞ்சினின் அமுக்க விகிதம் 9.8. உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்குகிறது. தோராயமாகக் கணக்குப் போட்டேன். டர்போ இல்லாமல் 35 பாகையில் போகும் காற்று, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது 410 பாகைக்கு ஏறுகிறது. டர்போவிலிருந்து 90 பாகையில் போனால் 530. வாசலில் 55 பாகை வித்தியாசம், உச்சியில் 120.

பிளக் பொறி தட்டியதும் எல்லாம் ஒரே அடியாக வெடிப்பதில்லை. வைக்கோல் போரில் பற்றிய நெருப்புப்போலத் தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பரவுகிறது. பரவப் பரவ, இன்னும் எரியாமல் மூலையில் கிடக்கும் கலவை மேலும் நசுங்குகிறது, மேலும் சூடேறுகிறது. ஏற்கெனவே 530 பாகையில், கூடிய அமுக்கத்தில் இருந்த கலவை, தீ வந்து சேரும்வரை காத்திருக்காது. தானாகவே சட்டென்று பற்றிவிடும். டின்னுக்குள் கூழாங்கல் குலுக்கியதுபோல் கேட்கும் அந்தச் சத்தத்தைத்தான் கராஜில் நொக்கிங் என்கிறார்கள். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனின் வளையம் பிடிக்கும் விளிம்பு உடையும், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கஸ்கட் தகடு ஊதும். அலுமினியம் அரிபட்டுப் பிஸ்டனில் ஓட்டையே விழலாம்.

நொக்கிங்கைத் தாங்கும் பெற்றோலின் திறனைத்தான் ஒக்ரேன் எண் சொல்கிறது. நமது பெற்றோல் செட்டுகளில் கிடைப்பவை 92, 95. எண்ணெய்க் குதங்களுக்கு நடுவே வாழும் திருகோணமலைக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களை எதிர்க்கச் இங்குள்ள சீனன்குடாவிலிருந்து எழுந்த ஹரிகேன் போர் விமானங்களில் இருந்தது மெர்லின் எஞ்சின். அதிலும் காற்றைத் திணிக்கும் சில்லு உண்டு. ஆனால் அதைச் சுழற்றியது புகை அல்ல, எஞ்சினின் பல்சக்கரம். 1940இல் பிரித்தானியாவில் மெர்லினுக்கு 87 ஒக்ரேனுக்குப் பதிலாக 100 ஒக்ரேன் பெற்றோல் கிடைத்ததும், அனுமதித்த பூஸ்ட் ஆறேகால் இறாத்தலிலிருந்து 12 இறாத்தலுக்கு ஏறியது.

95 அடித்தாலும் நமது கணக்கு முழுதாகச் சரிவராது. மற்ற வழி குளிர்விப்பது. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரேடியேட்டர் மாதிரி ஒரு இன்டர்கூலரை வைத்துக் காற்றை 55 பாகைக்கு இறக்கினால் உச்சியில் 455. அத்தோடு அமுக்க விகிதத்தை 8.5 ஆக்கினால் 420. டர்போ இல்லாத காலத்துச் சூட்டுக்குக் கிட்ட வந்துவிட்டோம். அமுக்கம் கூடத்தான் இருக்கும், அதனால் பொறி தட்டும் நேரத்தையும் கொஞ்சம் பின்போட வேண்டும்.

கம்பனிகளும் இதைத்தான் செய்கின்றன. நமது தெருக்களில் ஓடும் வேகன் ஆரிலும் எவ்ரியிலும் வரும் சுசுக்கியின் 658 சிசி எஞ்சினைப் பாருங்கள். டர்போ இல்லாததில் அமுக்க விகிதம் 11 அளவில், டர்போ உள்ளதில் 9.1. விகிதத்தை இறக்காமல் துணிந்தவர்களும் உண்டு. 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் 10.25 விகிதத்தோடு டர்போ பூட்டிய கார். நொக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனோலும் கலந்த திரவத்தைத் தனித் தாங்கியிலிருந்து தெளித்தார்கள். அந்தத் தாங்கியை நிரப்பச் சொந்தக்காரர்கள் மறந்தார்கள். பலர் கடைசியில் டர்போவையே கழற்றிவிட்டார்கள்.

இன்னும் இரண்டு விஷயத்தைக் கராஜ் அண்ணன் சொன்னார். ஒன்று, எஞ்சினின் கொம்பியூட்டர். டர்போ இல்லாத காரின் அமுக்கம் பார்க்கும் சென்சர் வளிமண்டல அளவுக்குச் சற்று மேலோடு நின்றுவிடும். அதற்குமேல் வரும் காற்று அதன் கண்ணுக்குத் தெரியாது, அதற்கேற்ற பெற்றோலும் வராது. காற்றுக் கூடிப் பெற்றோல் குறைந்தால் நொக்கிங்குக்கு வெற்றிலை வைத்து அழைத்தது போலத்தான். இரண்டாவது, ஒயில். டர்போவுக்குள் ஒயில் பம்பின் விசையில் போகும், திரும்பி வருவது வெறும் சாய்வில். அந்தக் குழாய் எங்காவது மேலே வளைந்தால் ஒயில் தேங்கிச் சீலைத் தாண்டும், பின்னால் நீலப்புகை வரும்.

"டீசல் வானெண்டா வேற கதை" என்றும் சொன்னார். டீசலில் பிஸ்டன் நசுக்குவது வெறுங்காற்றை. எரிபொருள் கடைசியில்தான் வருகிறது, முந்திக்கொண்டு பற்ற அங்கே எதுவும் இல்லை.

இனி ஹெட்டுக்கு வருவோம். அமுக்க விகிதத்தை இறக்க அதைக் கழற்றித்தான் ஆகவேண்டும். 5ஏயில் ஒரு சிலிண்டரின் விட்டம் 78.7 மில்லிமீற்றர். விகிதத்தை 9.8இலிருந்து 8.5க்கு இறக்க, பிஸ்டனுக்கு மேலே ஏழரை சிசி இடம் கூட வேண்டும். கஸ்கட்டின் தடிப்பில் அது ஒன்றரை மில்லிமீற்றர். கஸ்கட்டைத் தடிப்பாக்குவது மலிவான வழி. ஆனால் கலவை நன்றாகக் கலங்க உதவும் ஒடுங்கிய விளிம்பை அது கெடுத்துவிடும். தலை குழிந்த பிஸ்டன் போடுவதே சரியென்பது கராஜ் அண்ணனின் கட்சி, என்னுடையதும்தான். அதன் விலையைக் கேட்டதும் மருமகன் டர்போவை மறுபடி உரப்பைக்குள் சுற்றிவிட்டான். விற்கவில்லை. நேற்று இரவு போன் எடுத்து, ஒன்றரை மில்லிமீற்றர் கூடிய கஸ்கட் எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.